பொதுநல முறையீட்டாளர்: விசில்புளோயருக்கு ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தான் வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் முறைகேட்டைப் புகாராகச் சொல்லும் ஊழியரை ஆங்கிலத்தில் 'விசில்புளோயர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு இங்கே இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். 'விசில் ஊதுபவர்' வேண்டாம் என்பதே என் கருத்தும். நம் ஊரில் விசில் ஊதுபவர் பஸ் கண்டக்டர்; அவர் ஊதினால் வண்டி கிளம்பவும் செய்யும். 'தகவலாளி' போலீசுக்குத் துப்புக் கொடுக்கும் ஆளை நினைவூட்டுகிறது. 'சுட்டுநர்' இலக்கணப்படி சரி. ஆனால் 'சுட்டுநருக்குப் பாதுகாப்பு' என்று தலைப்பு வந்தால் வாசகர் துப்பாக்கியைத்தான் தேடுவார்.

என்னை யோசிக்க வைத்தது 'இடித்துரைப்பாளர்'. 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' என்ற குறளின் கம்பீரம் அதற்கு உண்டு. ஆனால் குறளில் வரும் இடிப்பார், தவறை மன்னனிடமே நேரில் கடிந்து சொல்பவர். நாம் பேசும் ஊழியரோ தவறு செய்யும் மேலதிகாரியைத் தாண்டி வேறோர் இடத்தில் சொல்கிறார். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் கேட்கிறார்.

சத்யேந்திர துபே கேட்டதும் அதைத்தான். தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளரான அவர், நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை இரகசியமாக வைக்கும்படி கோரியிருந்தார். கடிதமோ அவருடைய பெயரோடேயே மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. அது எப்படியோ, பெயர் கசிந்தது கசிந்ததுதான். அடுத்த ஆண்டு மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டு, இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் கொடுத்தது.

2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விசில்புளோயர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தும் இன்னும் நடைமுறைக்கு வராத சட்டம் அது. ஆனால் நம் வேலைக்கு அதன் வாசகம் உதவுகிறது. விசில் எல்லாம் தலைப்போடு சரி. உள்ளே வரையறுக்கப்பட்டிருப்பவர் 'புகார்தாரர்'. மொட்டைக் கடிதத்தை இந்தச் சட்டம் ஏற்பதில்லை. பெயரைச் சொல்லித்தான் புகார் கொடுக்க வேண்டும், அதை மறைத்துக் காப்பது புகாரைப் பெற்றவரின் கடமை. அலட்சியமாகவோ கெட்ட நோக்கத்தோடோ பெயரை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினார்கள் என்று ஊழியர் முறையிட்டால், அப்படிச் செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்தின் மேல் விழுகிறது. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: 'பொதுநல முறையீட்டாளர்'. பொதுநல வழக்கு என்றால் என்னவென்று டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கும் தெரியும். தன் சொந்தக் குறைக்காக அல்லாமல் எல்லோருக்குமாக நீதிமன்றம் போவது. பதவி உயர்வு கிடைக்காத மனக்குறையையும் கணக்கில் திருட்டு நடப்பதைச் சொல்வதையும் 'பொதுநல' என்ற அடை பிரித்துவிடுகிறது. மேல்முறையீட்டோடு குழம்பும் என்று வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும். முன்னால் 'மேல்' இல்லாதபோது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

ஒரு குறை உண்டு. அமெரிக்க அரசின் இரகசிய ஆவணங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்த எட்வர்ட் ஸ்னோடன் போன்றவருக்கு இந்தச் சொல் பொருந்தாது. அதற்கு 'அம்பலப்படுத்தியவர்' என்று நாளிதழ்கள் எழுதுவதே போதும். சட்டத்துக்கு ஒரு சொல், செய்திக்கு ஒரு சொல் இருந்தால் குடிமுழுகிப் போகாது.

இன்னொன்று பாக்கி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆம் பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 'விஜில் மெக்கானிசம்' ஒன்றை, அதாவது ஊழியர்கள் முறைகேடுகளைப் புகார் செய்ய ஒரு வழியை, வைத்திருக்க வேண்டும் என்கிறது. தேவையானால் ஊழியர் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம். இதைக் 'கண்காணிப்பு முறை' என்று மொழிபெயர்த்தால், கேமரா வைத்து ஊழியரைக் கண்காணிப்பது போல் ஆகிவிடுகிறது, காரியம் தலைகீழ். 'முறையீட்டு வழி' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், எனக்கே நிறைவில்லை. கம்பெனிச் செயலர் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருந்தால், உங்கள் அலுவலகச் சுற்றறிக்கைகளில் தமிழில் என்ன எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்