கோபால்ட் குளோரைடு: ரோஸ் நீலமாகுது சரி, ஆனா ஏன் இவ்ளோ டார்க்கா?

லேப்நோட்டு:
நேத்து லேப்ல கோபால்ட் குளோரைடு கரைசல்ல அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தினேன், வெளிர் ரோஸா இருந்தது ஊதாவாகி அப்புறம் நல்லா நீலமாயிடுச்சு. கோபால்ட்ட சுத்தி ஆறு தண்ணி மூலக்கூறு இருந்த இடத்துல நாலு குளோரைடு வந்து உக்காருது, ஆக்டாஹெட்ரல் (எண்முகி) வடிவம் போய் டெட்ராஹெட்ரல் (நான்முகி) ஆகுது, அதெல்லாம் ஓகே. என் டவுட்டு, ரெண்டுலயும் கோபால்ட் +2 தான், டி7 (டி ஆர்பிட்டால்ல ஏழு எலக்ட்ரான்) தான், ஜோடி சேராத எலக்ட்ரானும் மூணு மூணு தான், ஆசிட் ஊத்தினதுல கரைசல் நீர்த்து வேற போயிருக்கும், அப்புறம் எப்படி நீலம் மட்டும் இங்க் மாதிரி இருக்கு?

பின்பெஞ்ச்:
+3 ஆயிருக்கும் ப்ரோ, ஆக்ஸிடேஷன்.

குடுவை:
+3 எல்லாம் ஆகலங்க, தண்ணி ஊத்துங்க, ரோஸ் திரும்பிடும். கலர் மாறுறது ஒரு கதை, அடர்த்தி கூடுறது இன்னொரு கதை, ரெண்டையும் கலக்காதீங்க. ஒரே லிகண்டா (மெட்டல சுத்தி ஒட்டியிருக்கறது) இருந்தாலே டெட்ராஹெட்ரல்ல டெல்டா, அதாவது டி ஆர்பிட்டால்கள் ரெண்டு குழுவா பிரியற ஆற்றல் இடைவெளி, ஆக்டாஹெட்ரல்ல இருக்கறதுல 4/9 பங்கு தான், இங்க குளோரைடு தண்ணிய விட வீக் லிகண்ட் வேற. இடைவெளி சின்னதானா உறிஞ்சுற அலைநீளம் கூடும், அதனால ரோஸ் கரைசல் 510 நானோமீட்டர் பக்கம் பச்சைய உறிஞ்சுது, நீலம் 600லேந்து 700க்குள்ள ஆரஞ்சு, சிவப்ப உறிஞ்சுது (கறாரா சொன்னா இந்த பேண்ட்ல எலக்ட்ரான் விலக்கமும் சேர்ந்திருக்கு, அத இப்போ விடுங்க).

அடர்த்திக்கு லபோர்ட் விதி. ஆக்டாஹெட்ரலுக்கு சமச்சீர் மையம் இருக்கு, அங்க டி-டி தாவலுக்கு (ஒரு டி ஆர்பிட்டால்லேந்து இன்னொன்னுக்கு எலக்ட்ரான் தாவறது) அனுமதி இல்ல, பிணைப்பு அதிரும்போது சமச்சீர் கொஞ்சம் குலையுதுல்ல, அந்த சந்துல தான் ஏதோ கொஞ்சம் ஒளிய உறிஞ்சுது. டெட்ராஹெட்ரலுக்கு அந்த மையமே கிடையாது, டி ஆர்பிட்டால்ல பி கலந்துக்கும், தடை தளர்ந்துடும். மோலார் உறிஞ்சுதிறன் (ஒரே செறிவுல எவ்ளோ ஒளிய உறிஞ்சுதுங்கற அளவு) ரோஸுக்கு 5 பக்கம், நீலத்துக்கு 600 பக்கம். கொஞ்சம் நீர்த்துப் போனா மட்டும் என்ன ஆகப்போகுது?

லேப்நோட்டு:
ஓ, மூணு எலக்ட்ரான எண்ணிக்கிட்டே வடிவத்த விட்டுட்டேன். இன்னொன்னு, பாதி ஊதாவா நின்ன ட்யூப்ப சுடுதண்ணில வெச்சேன், ஆசிட் சேர்க்காமயே நீலமாச்சு. தண்ணி ஆவியானதாலயா?

குடுவை:
இல்ல, ட்யூப்ப மூடி வெச்சாலும் ஆகும். நீலம் பக்கம் போறது வெப்பம் வாங்குற வினை, சூடு பண்ணா சமநிலை அந்தப் பக்கம் சாயும், ஐஸ்ல வெச்சா ரோஸ். முடிஞ்சா நீலத்துல ஜிங்க் குளோரைடு போட்டுப் பாருங்க. குளோரைடு தானே சேர்க்கறோம், இன்னும் நீலமாகும்னு தோணும், ஆனா ரோஸ் பக்கம் திரும்பும், கோபால்ட்கிட்ட இருக்கற குளோரைட ஜிங்க் புடுங்கிக்கும், ஜிங்க் டி10 (டி ஆர்பிட்டால் முழுசா நிரம்பியிருக்கு), அதுக்குன்னு கலரும் இல்ல. முடிச்சதும் சிங்க்ல ஊத்திடாதீங்க, கோபால்ட் விஷம்.

பின்பெஞ்ச்:
+3 வாபஸ். அப்போ பர்மாங்கனேட் கூட டெட்ராஹெட்ரல்ங்கறதால தான் அவ்ளோ டார்க்கா?

குடுவை:
அதுல மாங்கனீஸ் +7, டி எலக்ட்ரானே இல்லையே, எது தாவும்? அது ஆக்சிஜன்லேந்து மெட்டலுக்கு எலக்ட்ரான் போற சார்ஜ் டிரான்ஸ்ஃபர். தனி த்ரெட் போடுங்க, வர்றேன்.