பாக்ஸ் ஸ்கோருக்கு 'ஆட்டச்சிட்டை' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு கூடைப்பந்து ஆட்டத்துல யாரு எத்தன புள்ளி, எத்தன ஃபவுல்னு ஆளு ஆளா போடுற அட்டவணைதான் பாக்ஸ் ஸ்கோர். நாம பழைய ஆட்டங்களுக்குப் போடுற அந்த அட்டவணைக்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம்னு பேசுற இந்த இழைய நாலு நாளா படிச்சிட்டு வரேன், எழுதணும்னு நெனச்சு நெனச்சு தள்ளிப்போச்சு, இன்னைக்கு கொஞ்சம் நீளமாவே எழுதிடுறேன்.

அண்ணன் சொன்ன 'ஆட்டப் புள்ளிவிவரம்' பத்தி முதல்ல. மத்த விளையாட்டுக்கு அது ஓடிடும் அண்ணே, கூடைப்பந்துல மாட்டிக்கும். இங்க பாயிண்டுக்கே நாம 'புள்ளி'ன்னுதான் சொல்றோம். ஜார்ஜ் மைக்கன்னு ஒரு ஆட்டக்காரரப் பத்தி "மைக்கனோட புள்ளிவிவரம்"னு எழுதினா அவர் போட்ட பாயிண்டோட விவரமா, இல்ல ஃபவுல் (விதிமீறல்), அசிஸ்ட் (கூட ஆடுறவர் கூடை போட பந்து குடுத்தது) எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கா? படிக்கிறவங்களுக்குப் புரியாது. அக்கா சொன்ன 'பெட்டிப்புள்ளி'க்கு ஒரு நியாயம் இருக்கு, பேப்பர்ல கட்டம் கட்டிப் போட்டதாலதான் அங்க பாக்ஸ்ங்கிற பேரே வந்துச்சு, நம்ம பத்திரிகைலயும் பெட்டிச் செய்தின்னு சொல்லுவாங்க. ஆனா அந்தப் பேரு அச்சடிச்ச இடத்தத்தான் சொல்லுது, உள்ள என்ன இருக்குன்னு சொல்லல.

உள்ள இருக்கிறது ஒரு கணக்கு. அத எடுத்துக்காட்டோட சொல்றேன். 1950 நவம்பர் 22, மினியாபொலிஸ். லேக்கர்ஸ் டீம் அப்ப அந்த ஊர்லதான் இருந்துச்சு. ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் வந்து ஆடுறாங்க. லேக்கர்ஸோட ஜார்ஜ் மைக்கன சமாளிக்க முடியாதுன்னு பிஸ்டன்ஸ் பந்த கையிலயே வச்சுக்கிட்டு நேரத்த ஓட்டினாங்க, ஏன்னா இத்தன செகண்டுக்குள்ள எறிஞ்சே ஆகணும்னு அப்ப விதி எதுவும் கெடையாது, 24 செகண்ட் விதி 1954ல தான் வந்துச்சு. கடைசில ஸ்கோர் 19க்கு 18, பிஸ்டன்ஸ் ஜெயிச்சாங்க. என்பிஏ, அதாவது அமெரிக்காவோட தொழில்முறைக் கூடைப்பந்து லீக், அதோட வரலாத்துலயே கொறஞ்ச ஸ்கோர் இதுதான்.

இப்ப லேக்கர்ஸ் பக்கத்த மட்டும் கூட்டிப் பாருங்க. டீம் மொத்தத்துக்கும் விழுந்த கூடை 4, ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுலுக்காகக் கெடைக்கிற எறிதல், ஒண்ணுக்கு ஒரு புள்ளி) 10. கூடைக்கு ரெண்டு புள்ளி, நால ரெண்டால பெருக்கினா 8, கூட பத்து, ஆக 18. அந்த நாலு கூடையும் மைக்கன் போட்டது, பத்து ஃப்ரீ த்ரோல ஏழும் அவரோடது, அப்ப அவருக்கு 15. மிச்சம் இருக்குற எல்லாரும் சேர்ந்து 3. மேலேர்ந்து கீழ கூட்டினாலும் பக்கவாட்டுல கூட்டினாலும் கணக்கு நேராகுது பாருங்க, ஒரு இடத்துல ஒண்ணு தப்பா விழுந்திருந்தாலும் காட்டிக் குடுத்துடும்.

எங்க பெரியப்பா ஒரு மண்டில கணக்கு எழுதினவர். அன்னன்னைக்கு நடந்தத நடந்த அன்னைக்கே எழுதுறது சிட்டை. அதுலேர்ந்து ஆளு ஆளா பிரிச்சு, அவங்கவங்க பக்கத்துல ஏத்துறது பேரேடு. சிட்டை நேராகாம பேரேட்டுல ஏத்த மாட்டாரு, ராத்திரி எவ்ளோ நேரமானாலும் ஒக்காந்திருப்பாரு. எனக்கு இந்த அட்டவணையப் பாத்த ஒடனே அவரோட சிட்டைதான் ஞாபகம் வந்துச்சு.

அதனால என் பரிந்துரை: பாக்ஸ் ஸ்கோர் = ஆட்டச்சிட்டை. ஒரு நாள், ஒரு ஆட்டம், அன்னைக்கே எழுதி முடிச்ச கணக்கு. இதுல இன்னொரு வசதியும் இருக்கு, ஒரு ஆட்டக்காரரோட சீசன் கணக்குக்கும் மொத்த வாழ்க்கைக் கணக்குக்கும் 'பேரேடு'ன்னு வச்சுக்கலாம். 1946-47ல ஜோ ஃபுல்க்ஸ் 60 ஆட்டத்துல 1,389 புள்ளி எடுத்தாருங்கிறது அவரோட பேரேடு, அதுக்குள்ள போனது அறுபது சிட்டை. ரெண்டு சொல்லும் ஒண்ணுக்கொண்ணு ஒறவோட வருது, புதுசா ஒட்ட வச்ச மாதிரி இருக்காது.

சிட்டைன்னா நெலத்து சிட்டா அடங்கல் ஞாபகம் வரும்னு ஒருத்தர் தனிமடல்ல சொல்லியிருந்தாரு. வரட்டுமே, அதுவும் கணக்குதான், முன்னாடி 'ஆட்ட' சேந்துட்டா கொழப்பம் இருக்காது.

இன்னொரு விஷயம், இதுலதான் எனக்கு அக்கற ஜாஸ்தி. பழைய சிட்டைல நெறைய பத்தியே (அட்டவணைல மேலேர்ந்து கீழ வர்ற வரிசை) கெடையாது. ரீபவுண்ட் (கூடைல விழாம திரும்புற பந்தப் பிடிக்கிறது) என்பிஏல 1950-51 சீசன்லேர்ந்துதான் எழுத ஆரம்பிச்சாங்க, யாரு எத்தன நிமிஷம் ஆடினாங்கங்கிறது அதுக்கடுத்த சீசன்லேர்ந்து, ஸ்டீல் (எதிராளிகிட்டேர்ந்து பந்தப் பறிக்கிறது), பிளாக் (எதிராளி எறிஞ்ச பந்தத் தடுக்கிறது) ரெண்டும் 1973-74 சீசன்லேர்ந்துதான். 1946 நவம்பர் 1, டொராண்டோல ஹஸ்கீஸ் டீமும் நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸும் ஆடினாங்களே, என்பிஏ தன்னோட முதல் ஆட்டமா கணக்கு வச்சிருக்கிறது, நியூயார்க் 68க்கு 66ன்னு ஜெயிச்சது, அதுல டொராண்டோ ஆட்டக்காரர் எட் சடோவ்ஸ்கி 18 புள்ளி எடுத்தாருன்னு தெரியும், எத்தன ரீபவுண்ட் எடுத்தாருன்னு அதிகாரப்பூர்வமா யாரும் எழுதி வைக்கல. நம்ம அட்டவணைல அந்த எடத்துல 0 போட்டிருக்கு. தயவுசெஞ்சு மாத்துங்க. சைபர்னா ஒண்ணுமே எடுக்கலன்னு அர்த்தம், பத்தியே தொறக்கலங்கிறது வேற. வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2ல நூறு புள்ளி எடுத்த ஆட்டத்துக்கு வீடியோ கெடையாது, சிட்டைதான் சாட்சி: 36 கூடை, 28 ஃப்ரீ த்ரோ, கூட்டினா நூறு. 25 ரீபவுண்டும் அதுல இருக்கு. பிளாக் பத்தி மட்டும் இல்ல, அதுக்குன்னு அவர் ஒரு பிளாக்கும் பண்ணலன்னு எழுதினா அந்த மனுஷனுக்கு நாம பண்ற அநியாயம் இல்லையா? அங்க 'பதிவில்லை'ன்னு போடலாம், எடம் பத்தலன்னா ஒரு கோடு.

அசிஸ்டுக்கு 'உதவி' வேண்டாம், ரொம்பப் பொதுவா இருக்கு. 'கைகொடுப்பு' எப்படி? அத தனி இழைல பேசிக்கலாம்.

ஞாயித்துக்கெழம வரைக்கும் யாருக்காவது மறுப்பு இருந்தா சொல்லுங்க, இல்லன்னா மைக்கன் ஆட்டத்தோட அட்டவணைக்கு முதல்ல 'ஆட்டச்சிட்டை'ன்னு தலைப்பு மாத்திட்டு, அந்த சைபர எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துடுறேன்.