ஃப்ரோசன் ஷோல்டர்: கிளைடு கொடுத்தால் வலி கூடுகிறது, எங்கே தவறு?

பிபிடி_இன்டர்ன்:
நோயாளிக்கு 52 வயது, சர்க்கரை உண்டு. 5 மாதமாக வலது தோள் இறுக்கம் (ஃப்ரோசன் ஷோல்டர்). கையை வெளிப்பக்கம் திருப்பினால் 15 டிகிரிதான் வருகிறது. குவிவு-குழிவு விதிப்படி (குவிந்த எலும்புத் தலை, கை திரும்பும் திசைக்கு எதிராகச் சறுக்கும் என்பது) முன்பக்கக் கிளைடு, அதாவது எலும்புத் தலையைக் கையால் முன்னோக்கிச் சறுக்கவைப்பது, கிரேடு 4 கொடுக்கிறோம். அன்றிரவு அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லையாம், கோணமும் ஏறவில்லை. கிரேடைக் குறைப்பதா, திசையை மாற்றுவதா?

ஆர்த்தோ_பிசியோ:
முதலில் கிரேடு. இரவு வலி இருக்கும் தோளை இறுக்கத்தின் எல்லைக்கே கொண்டுபோகாதீர்கள். கை பக்கவாட்டில் சுமார் 55 டிகிரி, அங்கிருந்து சற்று முன்னால்: கேப்ஸ்யூல் (மூட்டைச் சுற்றியுள்ள உறை) தளர்ந்திருக்கும் நிலை இது. லேசாக வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு கிரேடு 1, 2 (தடைக்கு முன்பே நின்றுவிடும் அசைவுகள்). நொடிக்கு 2 அசைவு, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், 2-3 சுற்று போதும். வலி அன்று மாலைக்குள் அடங்கினால் சரி. மறுநாளும் நீடித்தால் அளவு மீறிவிட்டது.

கிரேடு 4 என்றால் ‘பலமாக அழுத்துவது’ என்று நினைக்கிறவர்கள் நிறைய. அசைவு சின்னதுதான், தடையின் கடைசியில் நடக்கிறது, அவ்வளவே.

மேனுவல்_தெரபி:
வலி அடங்கியபின் திசையைப் பாருங்கள். இறுகிய தோளில் அந்த விதி அப்படியே செல்லாது. 2007இல் 20 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில் வெளித்திருப்பம் பின்பக்கக் கிளைடில் சராசரி 31 டிகிரி கூடியது, முன்பக்கத்தில் 3தான்.

செய்முறை: மல்லாந்த நிலை. ஸ்கேபுலா (தோள்பட்டை எலும்பு) நகராமல் அடியில் மடித்த துண்டு. ஒரு கையால் மேற்கை எலும்பை வெளியே இழுத்தபடி, மறு உள்ளங்கையின் அடிப்பகுதியை மூட்டுக்கு வெகு அருகில் வைத்துத் தள்ளுங்கள். நேர் கீழே தள்ளினால் எலும்பின் தலை ஸ்கேபுலாவின் குழியில் போய் இடிக்கும். குழி சற்று முன்னோக்கித் திரும்பியிருப்பதால் திசை பின்னும் வெளியுமாக இருக்க வேண்டும். விரல் நுனி வேண்டவே வேண்டாம்: பைசெப்ஸ் தசைநாணில் குத்தினால் அந்த வலியைக் கேப்ஸ்யூல் வலி என்று எண்ணிக்கொள்வோம். முழங்கையைப் பிடித்து நெம்பாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கோணத்தை அளந்து பாருங்கள்.

கிளினிக்_டாக்:
கை வைக்குமுன் ஒன்று. எக்ஸ்-ரே இருக்கிறதா? விழுந்தாரா, வலிப்பு வந்ததா என்று கேட்டீர்களா? சர்க்கரை தாழ்ந்தும் வலிப்பு வரலாம். பின்பக்கமாக விலகிய தோளிலும் வெளித்திருப்பம்தான் அடைபடும், ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரியே தெரியும். அதைப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நீண்டகால ஸ்டீராய்டு, எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்), புற்றுநோய், காய்ச்சலோடு வீங்கிய மூட்டு என்றாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பிபிடி_இன்டர்ன்:
நேர் எக்ஸ்-ரே (முன்பக்கமிருந்து எடுத்தது) மட்டும் இருக்கிறது சார், நார்மல் என்று ரிப்போர்ட்.

கிளினிக்_டாக்:
நேர் படத்தில் பின்பக்க விலகல் தப்பிவிடலாம். அக்குள் வழியாக எடுக்கும் படம் ஒன்று கேளுங்கள். வரும்வரை கிளைடு வேண்டாம்.