இரத்த உறைவுக்குப் பின் கடுமையான மாதவிடாய்ப் போக்கு: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

என் தங்கைக்கு வயது 36. மாதவிடாயின்போது அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு இருந்ததால், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தார். மூன்றாம் மாதத்தில் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, நடந்தாலே வலித்தது. டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரியவந்தது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் உறைவுக் காரணிகளின் உற்பத்தியைக் கூட்டி, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் எஸ்ஸின் அளவைக் குறைப்பதால், இத்தகைய மாத்திரையைத் தொடங்கிய முதல் ஆண்டில்தான் ஆபத்து மிகுதி என்று பிறகே எங்களுக்கு விளக்கினார்கள். தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

அந்த மாத்திரை உடனே நிறுத்தப்பட்டது. இப்போது ரிவரொக்ஸபான் என்ற உறைவுத் தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்கிறாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது, மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இல்லை. ஆனால் உறைவைத் தடுக்கும் மருந்தே இரத்தப்போக்கைக் கூட்டுவதால், மாதவிடாய் முன்னிலும் கடுமையாகி, ஹீமோகுளோபின் 8.4 ஆகக் குறைந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை தொடர்கிறது. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கேட்டோம். உறைந்த இரத்தம் கரைவதை அது தடுக்கும் என்பதால் மருத்துவர் மறுத்துவிட்டார், எனக்கும் அது சரியென்றே படுகிறது. கருப்பை ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. கருப்பைக்குள் பொருத்தப்பட்டு, இரத்தப்போக்கைக் குறைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சாதனம் பற்றி அடுத்த சந்திப்பில் பேசவிருக்கிறோம்.

உறைவுத் தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாதனத்தைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு, இரத்தப்போக்கு எவ்வளவு காலத்தில் குறைந்தது?