வலி மாத்திரை போட்டால் தடிப்பு, என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆத்தாவுக்கு 58 வயது, மூட்டுவலி. போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கொடுத்த டைக்ளோஃபினாக்கைப் போட்டு, ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் வீங்கிவிட்டது. பந்தியில் சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழியைப் போட்டோம், பாவம் அது. அப்புறம் பல்வலிக்கு ஐபுபுரூஃபன் போட்டபோதும் அதே கதை.

இரண்டுமே காக்ஸ்-1 என்ற நொதியைத் தடுப்பவை, ஆஸ்பிரினும் அப்படித்தான், அதனால் மூன்றையும் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளுமாம். மூட்டுவலிக்கு அது போதவில்லை. காக்ஸ்-1ஐ அவ்வளவாகத் தடுக்காத எட்டோரிகாக்ஸிப் என்ற வலி மாத்திரை ஒத்துவரலாம், ஆனால் முதல் முறை ஆஸ்பத்திரியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும், வீட்டில் வேண்டாம் என்கிறார்.

மதுரையிலோ திருச்சியிலோ இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள்? இன்னொன்று, கடையில் தரும் கூட்டு மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு, டைக்ளோஃபினாக் வகையைச் சேர்ந்த அசெக்ளோஃபினாக்கும் ஒளிந்திருக்கிறது. அட்டையின் பொடி எழுத்து ஆத்தாவுக்குத் தெரியாது. ஆகாத மருந்துகளின் பெயரை எழுதிச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.