பூட்டின வீட்டுச் சருகை யார் அள்ளுவது?

சீகைமரத்தடி:
குன்னூருக்கு மேலே, காப்புக்காட்டை ஒட்டி எங்கள் தெரு. 14 வீடு. உறைபனியில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கிறது, கோடை மழை வருகிற வரைக்கும் பயம்தான். 2024 மார்ச்சில் மலை எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு வந்து கொட்டியதை மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். அந்த வாரம் கொடியில் போட்ட துணியெல்லாம் சாம்பல்.

இந்த வருஷம் மூன்று ஞாயிறு சேர்ந்து வீடுகளைச் சுற்றிச் சருகும் புதரும் எடுக்கலாம் என்று கூப்பிட்டேன். 9 வீடு சரி என்றார்கள். 2 வீடு "அது வனத்துறை வேலை" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். 3 வீடு பூட்டிக் கிடக்கிறது, ஓனர்கள் சென்னையிலும் கோவையிலும். அதில் ஒன்றின் கூரை என் சமையலறைச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி. அந்தக் கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் கற்பூர மர (யூகலிப்டஸ்) சருகு விளிம்பு வரை. அதை யார் அள்ளுவது?

வரிகட்டி:
கதவைச் சாத்திய இரண்டில் ஒருவன் நான்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஜனவரி வந்தால் தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாமலிருக்கப் புல்லும் புதரும் நீக்கின பட்டை, வெட்ட வேண்டியது யார்? வனத்துறை. எரிந்தால் அணைக்க வேண்டியது யார்? தீயணைப்புத் துறை. அந்த வேலையை நாமே செய்ய ஆரம்பித்தால் அடுத்த வருஷம் "நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களே சார்" என்று அந்தக் கோடு வெட்டாமலே விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே குப்பை விஷயத்தில் அப்படித்தான் ஆனது. தவிர அடுத்தவர் பட்டாவில் ஏறிச் சருகு அள்ளி, ஓடு உடைந்தால் யார் பதில் சொல்வது?

ஃப்ரெஸ்னோ_மாமா:
கோத்தகிரியில் பிறந்து இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். கோடு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் பறந்து வருகிற கங்கு கூரையிலோ வாசல் மிதியடியிலோ விழுந்து, புகைந்து புகைந்துதான் எரிகின்றன. 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது, 85 பேர் செத்தார்கள். பிறகு எடுத்த படங்களைப் பாருங்கள். வீடு சாம்பல், பக்கத்து மரம் பச்சை. வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியிருக்கிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஜாக் கோஹன் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொன்னார்: காட்டைப் பார்க்காதே, வீட்டையும் அதை ஒட்டிய இடத்தையும் பார். கங்குக்குக் கோடு தெரியாது, தாண்டிப் போய்விடும்.

இங்கே 'ஃபயர்வைஸ்' என்று, அக்கம்பக்கத்தார் சேர்ந்து தீத்தடுப்பு வேலை செய்கிற ஒரு திட்டம். குறைந்தது 8 வீடு சேர வேண்டும். வீட்டுக்கு வருஷம் ஒரு மணி நேர உழைப்பு, அல்லது அதற்கு ஈடான செலவு. உழைப்பில் கேட்பது அவ்வளவுதான்.

வரிகட்டி:
மாமா, உங்கள் ஊரில் மரப்பலகை வீடு. எங்களது கல் சுவர், மேலே ஓடு அல்லது தகரம். தகரம் எப்படி எரியும்?

ஃப்ரெஸ்னோ_மாமா:
தகரம் எரியாது தம்பி. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே குருவி கட்டிய கூடு எரியும். சுவரோரம் அடுக்கிய விறகு எரியும்.

டேன்டீ_பேத்தி:
விறகை விடுங்கள் அண்ணா, தண்ணீர் பைப்பை யாரும் யோசிக்கவில்லை! எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் கறுப்பு ஹோஸில்தான் வருகிறது, புதர் நடுவே தரையோடு தரையாகக் கிடக்கும். போன தடவை தீ வந்தபோது முதலில் உருகியது அதுதான். ஆண்கள் எல்லாரும் குழாயைத் திறந்துவிட்டு வாளியோடு நிற்கிறார்கள், சொட்டு வரவில்லை. அதன்பிறகு பைப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் நாங்கள் பெண்களே கத்தி வைத்துச் சீவிவிடுகிறோம். வீட்டைச் சுற்றி உண்ணிப் புதரை (லன்டானா) எடுத்ததில் இன்னொரு லாபம், விடியற்காலையில் கரடி எங்கே நிற்கிறது என்று தெரிகிறது.

சோலைக்குயில்:
நான் எதிர்க்கட்சி, வேறு காரணத்துக்காக. "சுத்தம் செய்கிறோம்" என்று கிளம்பினவர்கள் சரிவை மொட்டையடித்ததைப் பார்த்திருக்கிறேன். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை வீடு புதைந்தது, மறந்தாச்சா? தீக்குப் பயந்து வேரைப் பிடுங்கினால் ஐப்பசி மழையில் வீடே கீழே போகும். மரத்தில் கை வைத்தாலோ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒன்றும் வெட்ட முடியாது.

அடுத்த கேள்வி, வெட்டின செத்தையை என்ன செய்வீர்கள்? குவித்து எரிப்பீர்கள். 2024 தீயே ஒரு தோட்டத்தில் எரித்த குப்பையில் தொடங்கியதாகத்தான் அப்போது செய்தி.

சீகைமரத்தடி:
அக்கா, நியாயம். மரம் வெட்டவில்லை, வேரைத் தொடவும் மாட்டோம். புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு அறுப்பது, சருகை வாருவது, அவ்வளவுதான். தாழ்ந்த கிளைகளுக்கு ரேஞ்சர் ஆபீஸில் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகுதான் கத்தி. எரிக்கவே மாட்டோம். கீழ்த்தோட்டக்காரர் டீச்செடி அடியில் மூடாக்குப் போடச் செத்தையை எடுத்துக்கொள்கிறேன் என்றார், பிக்கப் வாடகை மட்டும் நம்முடையது.

சோலைக்குயில்:
உண்ணியை விதையோடு தோட்டத்தில் போட்டால் அடுத்த வருஷம் அங்கேயும் உண்ணிதான். பூ, காய் வைத்ததைத் தனியாகப் பிரியுங்கள். பிரிக்கிற அன்றைக்கு நான் வருகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சோலைக்காட்டு மரக்கன்றையும் சேர்த்துச் சீவிவிடுவீர்கள்.

கோவை_ஓனர்:
இதைப் படிக்கிறேன். பன்னிரண்டு அடி வீடு என்னுடையதுதான் என்று நினைக்கிறேன், பச்சைக் கேட்? ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாமே, இங்கே போட்டு மானத்தை வாங்காமல்.

சீகைமரத்தடி:
மூன்று தடவை சொன்னேன் சார். தீபாவளிக்கு வரும்போது பார்க்கலாம் என்றீர்கள், வரவில்லை.

கோவை_ஓனர்:
சரி. சாவி பால்காரரிடம் இருக்கிறது. உடைகிற ஓட்டுக்கு நானே பொறுப்பு, இதையே எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கூலி எவ்வளவு?

வரிகட்டி:
இப்பவும் சொல்கிறேன், இது வனத்துறை வேலை. மனு எழுதிவிட்டேன், 11 பேர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கொடுத்துவிடலாம். அதுவரை என் இருபது அடி ஏணி வேண்டுமானால் எடுத்துப் போங்கள். நான் ஏறமாட்டேன்.

டேன்டீ_பேத்தி:
ஏணியைப் பிடிக்கவாவது வருவீர்களா?

வரிகட்டி:
எத்தனை மணிக்கு?