மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்புக்கு மினி: கார்ப்புரேட்டர் ஊசி பற்றி உதவி தேவை

வணக்கம். வரும் ஏப்ரலில் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் என்ற மலையேற்றக் கார் பந்தயத்தில் ஓட்டப் போகிறேன். 1930களிலிருந்து நடக்கும் பந்தயம். சின்ன வயதில் ஓரத்தில் நின்று பார்த்த பாதையில் நானே ஓட்டப்போவது பெரிய சந்தோஷம். கார், ராலிக்குத் தயாரித்த 1275 சிசி மினி. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்புரேட்டர் ஒன்றுதான், எஸ்யு எச்எஸ்4.

கொழும்பில் ட்யூன் பண்ணினால் அருமையாக இழுக்கிறது. நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். அங்கே கலவையில் பெட்ரோல் கூடி, பிளக்கில் கரி பிடித்து, வளைவை விட்டு வெளியே வரும்போது என்ஜின் திணறுகிறது. கார்ப்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை (ஜெட்) மேலும் கீழும் நகர்த்தும் ஜெட் நட்டை ஏற்றி, பெட்ரோலைக் குறைத்துப் பார்த்தேன். முழு த்ராட்டிலில் சரியாகிறது, ஆனால் ஐட்லிங்கில், அதாவது த்ராட்டிலை மிதிக்காதபோது, என்ஜின் சீராக ஓடுவதில்லை. ஆகவே அந்தத் துளைக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியைக் கொஞ்சம் தடித்ததாக மாற்றுவதுதான் வழி என்று நினைக்கிறேன்.

மலையில் மினி ஓட்டிய அண்ணன்மாரே, எந்த ஊசி போட்டீர்கள்? இக்னிஷனை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, எத்தனை டிகிரி முன்னே தள்ளினீர்கள்? அப்புறம், அங்கே மூடுபனியும் தூறலும் சகஜம். டயர் சூடேறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது? பொருத்தமான ஊசி யாரிடமாவது இருந்தால் அந்த வார இறுதிக்கு மட்டும் இரவல் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவேன்.